மறுதரப்பின் கருத்து

நான் சர்க்கரை போடாத டீதான் குடிப்பேன். அன்றைக்கு மறந்துபோய், என்னைத் தேடி அலுவலகம் வந்த பையனுக்கும் அதையே வரவழைத்துவிட்டேன். பாவம், முகம் சுளிக்காமல் குடித்தான். நல்ல வளர்ப்பு.

விசாரணை அதிகாரி நீங்கள், உங்களிடம் எதை மறைப்பது? பத்திரிகையில் நான் செய்தி ஆசிரியர். பையனுக்குப் பதினாறு வயது. அவனுக்குப் பையன்களைத்தான் பிடிக்கும் என்பது வகுப்புக்குத் தெரிந்துவிட்டது. பையில் குப்பையைக் கொட்டினார்கள், கழிப்பறையில் வைத்துப் பூட்டினார்கள், அவன் அழுததைப் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். பள்ளியில் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நீங்க எழுதினா நிறுத்திடுவாங்க சார். பேர் மட்டும் வேணாம். அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னை வீட்டுல வச்சிருக்க மாட்டாரு."

எனக்கு மனம் கேட்கவில்லை. எழுதினேன். அவன் கிளம்பும்போது போட்டோக்காரரை விட்டு ஒரு படமும் எடுக்கச் சொன்னேன். "போட மாட்டோம் தம்பி, சும்மா இருக்கட்டும்" என்றேன். சிரித்தான்.

சிக்கல் என்னவென்றால், உயிரோடு இருக்கிற பையனுக்கு உள்பக்கத்தில் நாலு வரிதான் கிடைக்கும். தவிர, மறுதரப்பைக் கேட்காமல் எதையும் நாங்கள் அச்சுக்கு அனுப்புவதில்லை. தலைமையாசிரியர் போனை வைத்துவிட்டார். அப்பாவை அழைத்தேன். பொறுமையாக, ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"உங்க கருத்து என்னங்க?"

"எனக்குப் பிள்ளையே இல்லன்னு எழுதிக்குங்க" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். அடுத்தவர் பேச்சில் நான் கைவைப்பதில்லை.

மறுநாள் பையன் உயிரோடு இல்லை.

செய்தி முதல் பக்கத்துக்கு வந்தது. அந்தச் சிரித்த படம், அப்பா சொன்ன வாக்கியம், பையனின் பெயர். இனி யாருக்குப் பயந்து பெயரை மறைப்பது? 'எங்கே போனது நம் மனசாட்சி?' என்று தலைப்பு வைத்தேன். பலர் அழுததாகச் சொன்னார்கள். கீழே தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணும் கொடுத்தோம். அதில் ஓர் இலக்கம் தவறிவிட்டது, பிற்பாடு திருத்தம் போட்டோம்.

விளைவு தெரியாமல் செய்தேன் என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். பொய் எனக்கு வராது ஐயா. போனை எடுக்கும்போதே தெரியும், வீட்டில் ஏதாவது வெடித்தால் செய்தி முன்பக்கத்துக்கு வரும் என்று. அவ்வளவு பெரிதாக வெடிக்கும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் பையன் சொன்னது பலித்தது. நான் எழுதினேன், நிறுத்திவிட்டார்கள்.