உடைந்த பிறகும் ஓடிய வண்டி

— இடது பக்க ஸ்பிரிங் பட்டையை மட்டும் மாத்துன்னுதானம்மா சொன்னேன்? வலது பக்கத்தை எதுக்குக் கழட்டிப் போட்டிருக்கே?

— ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாத்துவேன் முதலாளி. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் களைச்சுப்போன ஸ்பிரிங்குன்னா லாரி ஒரு தோளைத் தூக்கிக்கிட்டு நிக்கும்.

— நிக்கட்டுமே! வித்த வண்டிம்மா இது. தோளைத் தூக்கினா என்ன, காலைத் தூக்கினா என்ன? வாங்கினவன் பாடு.

— பட்டை முனையில இருக்கற புஷ்ஷெல்லாம் தேய்ஞ்சு போச்சு. பட்டையை அச்சோட சேர்த்து இறுக்கற யூ போல்ட்டும் புதுசுதான் போடணும். எல்லாம் பூட்டி முடிச்சு, சக்கர அலைன்மெண்ட் பார்க்காம இந்த ஷெட்டை விட்டு வெளிய விடமாட்டேன்.

— ஊர்ல இல்லாத வேலையெல்லாம் சொல்றியேம்மா! ஸ்டீயரிங் நேரா நின்னா போதாதா?

— ஸ்டீயரிங் நேரா நிக்கும், சக்கரம் கோணலா ஓடும். இந்த முன் டயரைக் குனிஞ்சு பாருங்க. ஒரு விளிம்பு மொட்டையா தேய்ஞ்சிருக்கு. அந்தப் பக்கம் கண்ணுல படாம திருப்பி மாட்டினது யாரு?

— எனக்கென்னம்மா தெரியும்? டயர் கடைக்காரன் மாட்டியிருப்பான்.

— ஆமா ஆமா. அவனுக்குத்தான் கனவுல தோணியிருக்கும்.

— இதோ பாரும்மா, நான் சண்டை போட வரல. காலைலயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். பள்ளத்துல விழுந்த வண்டின்னு சொல்லிச் சொல்லி, இரும்பு விலைக்கு அடிச்சுக் கேட்டான் புரோக்கர். சரி தொலையட்டும்னு விட்டேன். அதுலயும் ஒரு வம்பு, உன் ஷெட்டுல வேலை பார்த்துக் கொடுத்தாத்தான் எடுப்பாங்களாம். அதனாலதான் கட்டி இழுத்துட்டு வந்தேன். இல்லேன்னா, நடந்ததுக்கப்புறம் உன் வாசல் மிதிப்பேனா?

— நடந்ததுன்னா எது? என் தம்பி ஓட்டும்போது தூங்கிட்டான்னு ஊர் பூரா தம்பட்டம் அடிச்சீங்களே, அதுவா?

— தூங்காம? நேர் ரோடு. எதிர்ல ஒரு ஈ காக்கா இல்ல. அப்படியே இடது பக்கமாப் போய் பள்ளத்துல இறங்குமா?

— இறங்கும். இங்க வாங்க. இந்த ரெண்டு பட்டையையும் தடவிப் பாருங்க. ரெண்டுமே இடது பக்க அடுக்குல இருந்ததுதான்.

— கையெல்லாம் கிரீஸ் ஆகும்மா.

— ஆகட்டும், தடவுங்க. இது விழுந்தப்ப உடைஞ்சது. முறிஞ்ச இடம் எப்படிக் குத்துது?

— குத்துது. அதுக்கென்ன?

— இப்ப இது, அச்சை இடத்துல பிடிச்சு வெக்கற மெயின் பட்டை.

— வழவழன்னு இருக்கு.

— எப்படி முதலாளி வழவழன்னு ஆகும்? உடைஞ்ச ரெண்டு துண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசி உரசித் தேய்ஞ்சாத்தான். பள்ளத்துலேர்ந்து தூக்கினதுக்கப்புறம் இந்த வண்டி ஓடவே இல்ல; இங்க இழுத்துட்டு வந்த தூரத்துக்கு இவ்வளவு தேயாது. அப்ப எப்போ உரசிச்சு? விழறதுக்கு முன்னாடியே உடைஞ்ச பட்டையோடதான் ஓடியிருக்கு. அச்சு நகர்ந்து, இடது பக்கமா இழுத்துக்கிட்டே ஓடியிருக்கு.

— கத்தாதே. வண்டிக்கு அடியில யாரு? கால் தெரியுது.

— புதுசா சேர்ந்த ஆளு. போல்ட்டு முறுக்கிட்டு இருக்கு.

— அதை டீ குடிக்க அனுப்பு. தனியாப் பேசுவோம்.

— அது பாட்டுக்கு இருக்கட்டும். கொஞ்ச காலமா அது யார்கிட்டயும் வாயே திறக்கறதில்ல. நீங்க பேசுங்க.

— சரி, கேட்டுக்கோ. உன் தம்பி சொன்னான்தான். "பட்டை உடைஞ்சிருக்கு, வண்டி இழுக்குது"ன்னான். லோடு ஏத்தியாச்சு, நேரத்துக்குப் போய்ச் சேரணும். "இறுக்கிப் புடிச்சு ஓட்டுடா, வந்து பார்த்துக்கலாம்"னேன். எந்த முதலாளிதான் சொல்லல?

— அப்புறம் எந்த வாயால தூங்கிட்டான்னு சொன்னீங்க?

— வேற என்ன சொல்லச் சொல்றே? உடைஞ்ச வண்டியை அனுப்பினேன்னு தெரிஞ்சா, என் மத்த வண்டியில ஒருத்தன் ஏறுவானா? டிரைவர் போனா இன்னொரு டிரைவர் வருவான். என் பேரு போனா?

— அவனுக்குப் பேரு இல்லையா? ஒருத்தரும் அவன் கையில ஸ்டீயரிங் கொடுக்கல முதலாளி. கூட ஓட்டினவங்களே பார்த்தா கொட்டாவி விட்டுக் காட்டிச் சிரிக்கறாங்க. அதுகூடப் பரவாயில்ல. "ஒருவேளை நிஜமாவே கண் அசந்துட்டேனோ அக்கா"ன்னு அவனே என்னைக் கேட்டான்.

— இப்ப என்ன பண்ணச் சொல்றே?

— லாரி ஸ்டாண்டுக்கு வாங்க. எல்லார் முன்னாடியும் நின்னு, "அவன் தூங்கல, நான்தான் உடைஞ்ச வண்டியை அனுப்பினேன்"னு சொல்லுங்க.

— நடக்காது. என் உயிரே போனாலும் நடக்காது. அந்தப் பழைய பட்டையை ஒரு சாக்குல கட்டிக் கொடு, நான் கிளம்பறேன்.

— கொடுக்கமாட்டேன்.

— என் வண்டி இரும்பும்மா அது!

— உங்க வண்டியா? காலைலயே கையெழுத்துப் போட்டாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? போல்ட்டு, நட்டு, உடைஞ்ச பட்டை, எல்லாம் வாங்கினவங்களுக்குச் சொந்தம்.

— திமிரா பேசறே. வாங்கினவன்கிட்டயே கேட்டு வாங்கிக்கறேன். எந்த ஊர்க்காரன்னுகூட புரோக்கர் சொல்லித் தொலைக்கல. உனக்குத் தெரியுமா?

— தெரியாம? அந்த புரோக்கரை உங்க வீட்டுக்கு அனுப்பினதே நான்தான். தம்பி, முறுக்கினது போதும். வெளிய வா.

— யாரு... டேய், நீயா? இவ்வளவு நேரமும் கீழ படுத்துக் கேட்டுக்கிட்டா இருந்தே?

— நான்தான் முதலாளி. ஒரு வார்த்தை விடாம கேட்டேன். அக்கா, அந்தப் பட்டை ரெண்டையும் கேபின்ல வை, எல்லாரும் தடவிப் பார்க்கட்டும். அலைன்மெண்ட் முடிஞ்சதும் என் வண்டியை நேரா லாரி ஸ்டாண்டுக்குத்தான் விடறேன்; நீங்களும் ஏறுங்க முதலாளி, பக்கத்துலயே உக்காருங்க, நான் தூங்கறேனான்னு பார்த்துக்கிட்டே வரலாம்.