நீலமாகாத தட்டுகள்

இருபத்திரண்டு வருடத்தில் நான் ஊற்றிய அகார் தட்டில் பூஞ்சை பிடித்ததாக ஒருவரும் குறை சொன்னதில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் என்னைச் சமையல்காரர் என்பார்கள். அகார் கூழ் காய்ச்சித் தட்டில் ஊற்றி பாக்டீரியாவுக்கு ஆக்கிப் போடுகிறவனை வேறென்ன சொல்வது? விசாரணைக் குழுவில் இருக்கும் உங்கள் மூவருடைய பாக்டீரியாக்களும் என் கையால் சாப்பிட்டவைதான்.

அந்த ஆராய்ச்சி மாணவி மட்டும் என்னை அண்ணா என்றாள். வந்த முதல் நாளே, நான் கேட்காமலே, தன் ஆராய்ச்சியைச் சொன்னாள். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உணவாக்கிக்கொள்ளும் பாக்டீரியா ஒன்று. அதன் ஜீன்களை முடுக்கிவிட உள்ளே ஒரு ஸ்விட்ச். புரொமோட்டர் என்பார்கள்.

"சரியான சோம்பேறி அண்ணா அது. பக்கத்துல அம்மோனியா இருந்தா அசையவே அசையாது. பட்டினி போட்டாத்தான் எழுந்து வேலை பார்க்கும்."

"அப்படியே எங்க மச்சான்," என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த ஸ்விட்சை வெட்டியெடுத்து வேறொரு சாதுவான பாக்டீரியாவில் ஒட்டியிருந்தாள். ஸ்விட்ச் வேலை செய்தால் தட்டில் முளைக்கும் புள்ளிகள் நீலமாகும். நீலமானால் பட்டம். பட்டம் வந்ததும் வெளியூரில் வேலை. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தினமும் பத்து மணிக்குத் தட்டு வாங்க வருவாள். கால் மணி நேரம் அரட்டை. என் வீட்டில் யாரும் என்னோடு அவ்வளவு நேரம் பேசுவதில்லை. அவள் போய்விடக் கூடாது என்று எனக்கு ஆசை, வேறொன்றுமில்லை. அதனால் அவளுடைய அகாரில் மட்டும் கரண்டி நுனியில் கொஞ்சம் அம்மோனியம் உப்பு, அந்தச் சோம்பேறியைத் தூங்கவைக்கும் அதே அம்மோனியா, சேர்த்தேன். துளிதான்.

நான்கு வருடம் புள்ளிகள் வெள்ளையாகவே முளைத்தன. கெட்டிக்காரி, எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். எந்நேரமும் எரிகிற வேறொரு ஸ்விட்ச் வைத்த பாக்டீரியாவை என் தட்டிலேயே வளர்த்தும் பார்த்தாள். அது நீலமாகத்தான் வந்தது. அதற்குப் பட்டினியும் ஒன்றுதான், விருந்தும் ஒன்றுதான்.

"தட்டுல குறையே இல்ல அண்ணா. தப்பு என் மேலதான்," என்று என்னிடமே வந்து சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அழுகிற நாளில் தேநீர் போட்டுக் கொடுப்பேன். கல்யாணத்தை இரண்டாம் முறை தள்ளிப்போட்டபோது தேற்றியதும் நான்தான்.

போன வருடம் காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டேன். குடுவை கழுவுகிற அம்மா என் இடத்தில் நின்று, குறிப்பேட்டில் இருந்தபடி அகார் காய்ச்சியிருக்கிறார். புள்ளிகள் நீலமாகிவிட்டன. படம் எடுத்துப் பேராசிரியருக்கு அனுப்பிய கையோடு எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, சோம்பேறி எந்திரிச்சிடுச்சு!"

கத்திய கத்தலில் எனக்கே கண் கலங்கியது. மறுநாள் காய்ச்சலோடு வேலைக்குப் போய்விட்டேன். பழைய தட்டுகளைக் கொதிக்கவைத்துக் கழிப்பதும் என் பொறுப்பு. அந்த நீலத் தட்டுகளையும் கழித்தேன்.

பிறகு நீலம் வரவில்லை. பேராசிரியர் பதினோரு முறை செய்துகாட்டச் சொன்னார். பதினோரு முறையும் தட்டு ஊற்றியது நான். படத்துக்கு அவளே கணினியில் வண்ணம் தீட்டி ஏமாற்றினாள் என்று முடிவு செய்தீர்கள். என்னையும் கூப்பிட்டுக் கேட்டீர்கள், நினைவிருக்கும். தட்டில் குறையில்லை என்றேன். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். பாவம், என்னை விட்டுக்கொடுக்கவே இல்லை.

அவளை அனுப்பி ஏழு வாரமாகிறது. பத்து மணிக்கு இப்போது யாரும் வருவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவள் பொய் சொல்லவில்லை. ஸ்விட்ச் வேலை செய்கிறது. நான்கு வருடமும் உப்பைப் போட்டவன் நான். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவளைத் திரும்பக் கூப்பிடுங்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய இன்னும் நான்கு வருடம் ஆகலாம், ஆகட்டுமே. தட்டுகளை அண்ணனே ஊற்றித் தருவான் என்று மறக்காமல் சொல்லுங்கள், கேட்டால் சந்தோஷப்படுவாள்.