பெயரை எடுத்துவிட்டுப் பாடிய பாட்டு

எங்கள் தெருவில் எந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு, எந்த வீட்டில் சண்டை என்று என்னைக் கேட்டால் போதும். இன்றைக்கு நீங்கள் கேட்பது கோகிலவாணியைப் பற்றி. சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுவாள். போன வருஷம் என் மகன் சந்தோஷ் உளுந்தூர்பேட்டையில் லாரியில் அடிபட்டுப் போனபோது, அவன் தலைமாட்டில் உட்கார்ந்து அவள்தான் ஒப்பாரி வைத்தாள். அடிக்கு அடி 'சந்தோஷு' என்று பேர் வரும். இழவு வீட்டில் பேர் சொல்லித்தானே அழவேண்டும்?

இந்தத் தை மாதம் அவளுடைய முதல் ஆல்பம் வந்தது. சென்னையில் ஸ்டுடியோவாம், காதில் என்னமோ மாட்டிக்கொண்டு பாடினாளாம். தெருவுக்கே போட்டோ காட்டினாள். அதில் கடைசிப் பாட்டு என் மகன் பாட்டு. கள்ளக்குறிச்சி பஸ்ஸில்தான் கேட்டேன். அவன் பேர் இருந்த இடத்திலெல்லாம் 'ராசா'. பக்கத்து சீட்டுக்காரி தன் பிள்ளையை நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

போய்க் கேட்டேன்.

"இன்னாக்கா நீ! பேரு இருந்தா அது உன் வூட்டு எழவு. ராசான்னாதான் ஊரே அழும். ஸ்டுடியோல சொல்லிட்டாங்க."

"எனக்கு என் புள்ள பேரு வேணும்டி."

"அடுத்த ஆல்பத்துல பாக்கலாம்க்கா" என்று சிரித்தாள். அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

போன வாரம் எங்கள் ஊர் தனசேகரன் தன் மக்காச்சோளக் காட்டைச் சுற்றிப் பன்றிக்குக் கம்பி இழுத்துக் கரண்ட் விட்டான். "உன்கிட்ட சொன்னா தண்டோரா போட்டா மாரிக்கா. எல்லாருக்கும் சொல்லிடு" என்றான். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், ஒரு வீட்டைத் தவிர.

சாயங்காலம் கோகிலவாணியின் புருஷன் வெற்றிவேல் வந்தான். "எங்க மாட்டப் பாத்தியாக்கா?"

"சோளக்காட்டுப் பக்கம் போய்க்கினு இருந்துச்சு" என்றேன். மாடு உண்மையிலேயே அந்தப் பக்கம்தான் போனது.

வெற்றிவேலின் இழவு வீட்டில் அவளுக்குப் பாட்டே வரவில்லை. யாரோ பாசமாக அவள் பாட்டையே ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்கள். 'ராசா, ராசா' என்றது அது. எழுந்துபோய் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு என் மடியில் வந்து விழுந்தாள்.

"அவரு பேரு இல்லியேக்கா இதுல."

முதுகைத் தடவிக்கொடுத்தேன். இத்தனை நாள் நான் சொல்லிப் புரியாதது அன்றைக்குப் புரிந்துவிட்டது.

ஆமாம், கம்பி இருப்பது தெரிந்தேதான் அவனை அனுப்பினேன். எழுதிக்கொண்டீர்கள் என்றால் நான் கிளம்புகிறேன், ஏட்டய்யா. அவள் காலையிலிருந்து பட்டினி. நான் ஊட்டினால்தான் ஒரு வாய் சாப்பிடுவாள்.