ஃபாரத்தின் பின்பக்கம்

அடையாறில் பஸ் கிளம்பியதும், முன்சீட்டிலிருந்த நிறைமாதக்காரி தன் அண்ணியிடம் சொன்னாள்: "என் கவலைக்கு மார்க் போடச் சொல்றாங்க அண்ணி."

"யாரு?"

"ஆஸ்பத்திரில ஆராய்ச்சி பண்ற பொண்ணு. அம்மா கவலப்பட்டா கொயந்த எடை கம்மியா பொறக்குமாம். பத்துக்கு எவ்ளோ கவலைன்னு கேக்குது."

"நீ இன்னா சொன்ன?"

"பத்துன்னேன். ஏன்னும் எழுதிக்கோன்னேன். ஆத்தோரம் இருந்த வூட்ட இடிச்சிட்டு எங்கள ஊருக்கு வெளிய கொண்டு போய் போட்டாங்க, செக்கப்புக்கு ரெண்டு பஸ் மாறி வரேன்னேன். அதுக்கு ஃபாரத்துல எடமில்லயாம்."

"வுட்டுட்டியா?"

"வுடுவனா? பேப்பர திருப்பி, பின்பக்கம் எழுத வெச்சு, படிச்சுக் காட்டச் சொல்லிதான் கையெழுத்துப் போட்டேன். நாளைக்கு கொயந்த எடை கொறஞ்சா, ஆத்தாகாரி கவலப்பட்டான்னு மட்டும் எவனும் சொல்லக் கூடாது."