மாமனாரின் மூச்சுக்காற்று

மீன் வளர்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது. தொட்டிக்குள் பிளாஸ்டிக் அரண்மனை ஒன்றை வைத்து, கை நிறைய தீனியைக் கொட்டி, மீன் செத்தால் கடைக்காரனைத் திட்டும் கூட்டம் அது. நீங்கள்கூட வந்ததும் வராததுமாக ‘மீன் தொட்டி’ என்றுதான் எழுதிக்கொண்டீர்கள், இன்ஸ்பெக்டர். என் வீட்டுக் கூடத்தில் இருப்பது பவளத் தொட்டி. மீன்கள் அதில் வாடகைக்குக் குடியிருப்பவை. வீட்டுக்காரர் பவளம்தான்.

பவளம் கல் இல்லை, உயிர். உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்ளும். அதற்குத் தண்ணீர் அமிலப் பக்கம் சாயாமல் சற்றுக் காரமாக இருக்க வேண்டும். பிஎச் என்று அதற்கு ஓர் அளவு உண்டு. எட்டு புள்ளி இரண்டு என்றால் ராஜ வாழ்க்கை. ஏழு புள்ளி எட்டுக்கு இறங்கினால் வளர்ச்சி நொண்டியடிக்கும். நான் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாளன். உப்பும் சுண்ணாம்பும் எவ்வளவு கலப்பது என்று எவனும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தண்ணீருக்குள் அளவுமானியின் முனை எப்போதும் மூழ்கிக் கிடக்கும். வெளியே சின்னத் திரையில் எண் தெரியும். காலையில் எழுந்ததும் மனைவி முகத்தில் விழிப்பதில்லை, அந்த எண்ணில்தான் விழிப்பேன்.

மாமனார் வந்த பிறகு எண் இறங்க ஆரம்பித்து, ஏழு புள்ளி எட்டில் வந்து நின்றது.

நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். காலமெல்லாம் மாவு மில்லில் உழைத்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். குளிர்காற்றும் தூசியும் ஆகவே ஆகாது, மறுபடி நெஞ்சில் சளி கட்டினால் பிழைப்பது கஷ்டம் என்று சொல்லித்தான் டாக்டர் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். எங்களுக்கு ஒரே படுக்கையறை என்பதால் அவருக்குக் கூடத்தில், தொட்டியை ஒட்டிக் கட்டில் போட்டோம். ஜன்னலை இறுகச் சாத்திவிட்டு மனைவி வங்கிக்கு வேலைக்குப் போவாள்.

பூட்டிய அறையில் ஒருவர் நாள் முழுக்க மூச்சு விட்டால் கரியமில வாயு சேரும். அது தண்ணீரில் கரைந்தால் தண்ணீரின் காரம் குறையும். பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். மனைவியிடம் சொன்னேன்.

“எங்கப்பா மூச்சு விடுறதுகூட உங்களுக்கு ஆகலையா?” என்று சிரித்தாள். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அந்தக் குடும்பத்துக்கே காது உண்டு, கேட்கத்தான் வராது.

சரி என்று நானே நீண்ட விடுப்பு எடுத்தேன். மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பார் என்று சொந்தபந்தம் முழுக்கத் தொலைபேசியில் உருகியது.

அவள் தெருமுனை தாண்டியதும் ஜன்னலைத் திறந்துவிடுவேன். எதிரே புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கல் அறுக்கும் தூசி வரும், குளிரும் வரும். அதை நானா கட்டினேன்?

“மாப்ள, நெஞ்சை அடைக்குது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்களேன்.”

“கொஞ்ச நேரம்தான் மாமா. காத்து மாறட்டும்.”

மகளிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் குடும்பத்தில் தன்னால் சண்டை வந்துவிடக் கூடாதாம். இந்த மாதிரிக் கோழைத்தனத்தைத்தான் என்னால் பொறுக்கவே முடிவதில்லை.

ஒருநாள் நான் கடைக்குப் போயிருந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டே போய் அவரே ஜன்னலைச் சாத்திவிட்டார். திரும்பி வந்து பார்த்தால், மூச்சிரைக்கத் தரையில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “பூவெல்லாம் இன்னைக்கு நல்லா விரிஞ்சிருக்கு மாப்ள,” என்று என்னைத் தாஜா பண்ணப் பார்த்தார். பவளத்தைப் பூ என்கிறவரிடம் என்ன பேசுவது. தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்தேன். அதிலிருந்து, திறந்த ஜன்னல் கதவை வயரால் கம்பியோடு கட்டிவிடுவது வழக்கமாயிற்று. மனைவி வருவதற்குள் அவிழ்த்து, தரையைத் துடைத்து, அவர் முகத்தையும் துடைத்துவிடுவேன்.

அப்படியும் எண் ஏறவில்லை. அதனால் பகலில் கட்டிலை ஜன்னலுக்கு அடியிலேயே நகர்த்தினேன். அவர் விடும் மூச்சு நேராக வெளியே போகட்டும் என்றுதான். காய்ச்சல் வந்தது, இருமல் கூடியது. டாக்டர் போனில் விசாரித்தபோது குறைந்திருக்கிறது என்றேன். ஒரு மத்தியான நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே மாமா போய்விட்டார். விரல்களைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சாவுக்கு வந்த கூட்டம் கூடம் முழுக்க நின்று வாயைத் திறந்து அழுதது. வெளியே போய் அழுங்கள் என்று கத்தினேன். துக்கத்தில் கத்துகிறேன் என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

எல்லாரும் போன பிறகு, தன் அப்பாவின் போர்வையை மனைவி உதறி மடிக்கப்போனாள். வெள்ளைத் தூசி புகையாகக் கிளம்பியது.

“ஜன்னலைத் திறந்தீங்களா?”

“திறந்தேன்.”

“மூடச் சொல்லி அப்பா கேக்கலையா?”

“தினமும் கேட்டார்.”

அவள் அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறாள்.

நீங்கள் வருவதற்குள் தொட்டியைப் பார்த்தேன். வீட்டில் என்னைத் தவிர ஒரு ஜீவன் இல்லை, ஜன்னல் விரியத் திறந்திருக்கிறது, எண் மட்டும் அதே ஏழு புள்ளி எட்டு. முனையை வெளியே எடுத்து, சரிபார்க்கும் திரவத்தில் வைத்தேன். சரியாக ஏழு காட்ட வேண்டிய இடத்தில் ஆறு புள்ளி ஆறு காட்டியது. முனை பழசாகி, புள்ளி நான்கு குறைத்தே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தண்ணீர் எப்போதும் எட்டு புள்ளி இரண்டாகவே இருந்திருக்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்தது நான். கட்டிவைத்தது நான். டாக்டரிடம் பொய் சொன்னதும் நான்தான். மாமனாரைக் கொன்றேன் என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். அளந்து பார்க்காமல் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.