மூணு மாடல்லயும் அதே நிலா

அந்தக் காப்பியைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கோங்கோ பசுபதி, சூரியன் மேல கொட்டிடப் போறது. ஆமா, எங்க பொண்ணு காமாக்ஷியோட ஸ்கூல் ப்ராஜெக்ட், ஆகாசத்துக்கு மூணு மாடல். ஹேலி வால்நட்சத்திரம் வந்தாலும் வந்தது, எங்க டைனிங் டேபிள் பூரா ஆகாசம்தான். சாப்பாடெல்லாம் கார்பெட்ல.

இல்லை இல்லை, நீங்க வந்த விஷயத்தை நான் மறக்கலை. எனக்கு டாலஸ்ல கெடைச்சிருக்கற வேலை. இந்த பிளெய்ன்ஸ்பரோ ஊரை விட்டு எங்காத்துக்காரர் நகரமாட்டேங்கறார், என் மனசை மாத்தச் சொல்லி ஒங்களைத் தூது அனுப்பியிருக்கார். ஒரு வாரமா இந்த வீட்ல நாங்க நவக்கிரகம் மாதிரி ஆளுக்கொரு திசை பாத்துண்டிருக்கோம், நீங்களாவது என் முகத்தைப் பாத்துப் பேசறேளே.

மொதல்ல இதைப் பாருங்கோ. பச்சை உருண்டைதான் பூமி. அந்தக் காலத்துல ஒருத்தர், பூமி நடுவுல அசையாம நிக்கறது, மத்ததெல்லாம் அதைச் சுத்தறதுன்னுட்டார். ஆனா செவ்வாய் சில மாசம் பின்னால போற மாதிரி தெரியறது. கணக்கு ஒதைக்கறது. பூமியை நகத்தினாரா? மாட்டாரே! வட்டத்துக்கு மேல ஒரு குட்டி வட்டம் போட்டுச் சமாளிச்சார். ஒங்க ப்ரெண்ட் ஸ்ரீநிவாசனுக்குக் கொள்ளுத்தாத்தாவா இருப்பார் போலருக்கு. மொதல்ல டெக்ஸாஸ் வெயில்னார். அப்பறம் காமாக்ஷி ஸ்கூல்னார். இப்போ க்ரீன் கார்ட் வரட்டுங்கறார். அது வந்து ரெண்டு வருஷமாச்சு!

சிரிக்கறேளே. இது ரெண்டாவது, சூரியன் நடுவுல. நமக்குத் தெரிஞ்சதுதான். மூணாவது இன்னொருத்தரோடது. பூமியைத் தவிர எல்லா கிரகமும் சூரியனைத்தான் சுத்தும், ஆனா அந்த சூரியன் அத்தனையையும் இழுத்துண்டு பூமியைச் சுத்தும். நீங்க வந்ததும் ஒரு வழி சொன்னேளே, திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் டாலஸ்ல வேலை பாத்துட்டு, சனி ஞாயிறு ப்ளேன்ல வந்து சமைச்சு வெச்சுட்டுப் போன்னு? அதேதான் இது, பூமி மட்டும் அசையாது.

ஐயோ, கோச்சுக்காதேங்கோ. நீங்க நல்லதுக்குத்தான் சொல்றேள்.

இதுல நான் யாருடின்னு காமாக்ஷிகிட்ட வெளயாட்டாத்தான் கேட்டேன். அப்பா பூமி, நீ நிலாம்மான்னா, இங்கிலீஷ்ல. இந்த மூணு மாடலைச் சொன்னவாளும் எல்லாத்துலயும் சண்டை போட்டாளாம், நிலா பூமியைச் சுத்தறதுங்கறதுல மட்டும் ஒத்துமையாம். அதை யாருமே மாத்தலையாம். சொல்லிட்டு அவ பாட்டுக்குப் பெயின்ட் அடிச்சுண்டிருந்தா. எனக்குத்தான் அழுகை வந்துடுத்து. பன்னண்டு வருஷத்துல அவர் வேலைக்காக மூணு ஊர் மாறியிருக்கேன், ஏன்னு நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சரி, காப்பியைக் குடிங்கோ, ஆறிப்போறது. டாலஸ்காராளுக்கு வரேன்னு கையெழுத்துப் போட்டு லெட்டர் அனுப்பி நாலு நாளாச்சு. ஒண்ணாம் தேதி சேரணும். அவர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை. அவர் இல்லாம அங்க எப்படி இருக்கப் போறேன்னும் தெரியலை. தூது வந்த நீங்களே சொல்லிடுங்கோ. எனக்கும் காமாக்ஷிக்கும் டிக்கெட் வாங்கியாச்சு. மூணாவது ஒண்ணு வாங்கட்டுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ.