காத்து பூந்த வேன்

உங்கள் கார் நிற்கும் இடத்தில் விம்முகிறது, சார். வாசலில் நிறுத்தும்போதே கேட்டது. எங்கோ ரப்பர் குழாய் வெடித்திருக்கும், மாற்றிவிடுங்கள்.

தங்கராஜுவின் பூ வேனிலும் அதே கோளாறுதான். பிஸ்டனைத் தாண்டி எஞ்சினின் அடியில் இறங்கும் புகையை எஞ்சினே திரும்ப உறிஞ்சிக்கொள்ள ஒரு குழாய் உண்டு. அதில் கீறல் விழுந்தால் வேண்டாத காற்று உள்ளே போகும். வண்டி ஊளையிடும், திடீரென்று அணையும். பிரேக் மிதி லேசாக இருப்பதும் அந்த உறிஞ்சலின் தயவில்தான். எஞ்சின் அணைந்தால் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும். அப்புறம் மிதி கல்.

மலைமேல் திரிங்காப்பில் பூ ஏற்றி அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்குகிறவன் அவன். வழியில் ரிங்லெட்டில் என் பட்டறைக்கு வந்து, "என்னாண்ணே, வண்டி இப்படி அழுவுது?" என்றான்.

"உள்ள காத்து பூந்திருக்கு லா," என்றேன். பட்டறைப் பேச்சு.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அணைக்கட்டு வளைவுல நிறுத்துனேண்ணே, வெள்ளிக்கிழம உச்சி நேரம். அங்கதான் ஏறியிருக்கும். முனியாண்டிக்குச் சுருட்டு வெச்சா போயிருமா?"

"வெச்சுப் பாரு."

என் அப்பா கியா பார்ம் சந்தையில் முட்டைக்கோஸ் விற்றவர். வாங்க வந்தவன் தானாக நினைத்துக்கொண்டதைத் திருத்தக் கூடாது என்பார்.

அவன் மனைவி புனிதா, நான் பெண் கேட்ட பிள்ளை. வேண்டாம் என்றாளாம். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வரும் தைப்பூசத்தோடு ஒன்பது வருடம்.

மறுநாள் காலை சுருட்டு வைத்துவிட்டு, டயருக்கு எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். முன் இருக்கையில் அவள்.

"நீங்க கண்டுபுடிச்ச காத்து, நீங்களே ஓட்டிவிடுங்கண்ணே," என்று சிரித்தாள்.

என்னை அவள் அண்ணே என்றது அதுதான் முதல் தடவை. ஒரு வார்த்தை சொல்லி அவளை இறக்கியிருக்கலாம். குனிந்து, பழத்தைச் சக்கரத்தின் நடுவில் வரும்படி வைத்தேன். நன்றாக நசுங்கியது.

பள்ளத்திலிருந்து இருவரையும் மேலே கொண்டுவர மத்தியானம் ஆகிவிட்டது.

குழாய் தானாக வெடித்தது என்று உங்கள் ஸ்டேஷன் ஆள் எழுதியிருக்கிறார். அதற்குத்தான் உங்களை வரச் சொன்னேன். தானாக வெடித்தால் ஓரம் பிசிறடிக்கும். இது போன மாதம் அவன் எண்ணெய் மாற்ற வேனை விட்டபோது நான் பிளேடால் கீறியது. அடித்து எழுதுங்கள்.

அதைத் தவிர அவர்களுக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை, சார்.